புழு தின்னும் இலை: கோலாலம்பூர் குன்றுகளில் ஐந்து நாள்

முதல் நாள், புதன். புக்கிட் நானாஸ்

டாங் வாங்கி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் புக்கிட் நானாஸ் காட்டுப் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். கோலாலம்பூர் கோபுரம் நிற்கிற குன்று இதுதான். 1906இல் வனக் காப்பகமாக அரசிதழில் ஏறியபோது இதன் பரப்பு 17.5 ஹெக்டர். இன்று மீந்திருப்பது 9.37. காப்பகம் என்று எழுதிவைத்த நிலமே இப்படிச் சுருங்கும் என்றால், எழுதிவைக்காத குன்றுகளின் கதி என்ன? நகரத்தில் பல குடியிருப்பாளர் குழுக்கள் வார இறுதிகளில் குறிப்பேட்டோடு குன்றேறுவது அந்தக் கேள்விக்காகத்தான். அவர்கள் வேலை செய்கிற இடங்களையும் முறைகளையும் பார்க்கவே இந்தப் பயணம். அன்றன்றைய குறிப்பை அன்றிரவே பதிவிடுகிறோம்.

வண்ணத்துப்பூச்சி பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, அடர்ந்த நிழலுக்குள் போய்த் தேடுவது. பெரும்பாலானவை வெயில் விழும் ஓரத்தில்தான் சிறகை விரித்துச் சூடேற்றிக்கொள்ளும். படிக்கட்டு திரும்பும் இடம், மரம் சாய்ந்து வானம் தெரியும் இடம், வேலியோரப் புதர், இங்கெல்லாம் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும். நேரம் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை. கோலாலம்பூரில் பிற்பகலில் மழை வரலாம், அந்த நேரத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது.

தீபகற்ப மலேசியாவில் 1000க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்டு. தேன் குடிக்கிற பூ பல இனங்களுக்குப் பொது. புழு தின்னும் இலை அப்படியில்லை. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, தன் புழுவுக்கு ஆகும் செடிதானா என்று உறுதி செய்த பிறகே முட்டையிடும். அந்தச் செடி இல்லாத தோட்டம் எவ்வளவு பூத்துக் குலுங்கினாலும் அதற்கு வழிப்போக்கர் சத்திரம்தான், வீடு ஆகாது. இந்த ஐந்து நாளும் நாங்கள் பூவை விட்டுவிட்டு இலையைப் பார்த்து நடக்கப்போவது இதனால்தான்.

இரண்டாம் நாள், வியாழன். ரிம்பா கியாரா

காஜாங் தடத்து எம்ஆர்டியில் டிடிடிஐ நிலையம். அங்கிருந்து கிராப் வாடகைக் கார் எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் தாமான் ரிம்பா கியாரா. பின்னால் எழும் புக்கிட் கியாரா முழுவதும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம். கைவிடப்பட்ட பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் காலடியில் காட்டுச் செடிகள் தாமாகவே திரும்ப முளைத்திருக்கின்றன.

பூங்காவை ஒட்டி நீண்டவீடுகள், அதாவது ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். தோட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொண்டபோது, 1980களின் தொடக்கத்தில், தொழிலாளர் குடும்பங்களைத் தற்காலிகமாக இங்கே குடிவைத்தார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டைத் தாண்டியது. சுமார் 100 குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள். வாசல்தோறும் நம் வீடுகளில் இருக்கும் அதே செடிகள்தாம்: கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, செம்பருத்தி.

ஒரு கறிவேப்பிலைச் செடியின் முன் குனிந்து பார்ப்போம். தளிரின் நுனியில் கடுகைவிடச் சிறியதாக வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று. அது முட்டை. இரண்டு கொத்து கீழே, முதிர்ந்த இலையின் நடுவில், பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கிறது. அதுவும் புழுதான். கடைசித் தோலுரிப்புக்கு முன்வரை அந்த வேடம். பிறகு பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவில் ஓர் உறுப்பு வெளியே நீளும், கூடவே காட்டமான வாடை வரும். எறும்பையும் குளவியையும் விரட்டும் ஆயுதம் அது. முட்டை மூன்று நான்கு நாள், புழு ஏறத்தாழ இரண்டு வாரம், கூடு பத்து நாள் வரை. வெளியே வருவது கறிவேப்பிலை அழகியாகவோ எலுமிச்சை அழகியாகவோ இருக்கும். ரசத்துக்குக் கொத்து ஒடிக்கும்போது இலையைத் திருப்பிப் பார்த்து, புழு இருக்கும் கொத்தை விட்டுவிட்டால் போதும். செடி சாகாது.

இங்கே செய்கிற கணக்கெடுப்பு, 1976இல் பிரிட்டனில் தேசிய அளவில் தொடங்கிய நடைமுறையின் வழி வந்தது. ஒரே பாதையை ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். இருபுறமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர், தலைக்கு மேலே 5 மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வந்ததை மட்டும் எண்ண வேண்டும். பெட்டிக்கு வெளியே எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் கணக்கில் சேராது. பாதையைச் செடிவகை மாறும் இடங்களில் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: பால்மர ஓரம், வடிகால் ஓரம், புல்வெளி, நீண்டவீட்டு வேலி. ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரி. மூன்று பேர் போதும். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் படம் எடுக்க. பத்துப் பேர் சேர்ந்து போனால் முன்னால் நடக்கிறவர் எழுப்பிவிட்ட பூச்சியையே பின்னால் வருகிறவர் மறுபடி எண்ணுவார்.

அடிக்கடி கெட்டுப்போவது அடையாளம். மஞ்சள் நிறத்தில் தாழப் பறக்கும் சின்னப் பூச்சிகளை எல்லோரும் ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். அவை உட்காரும்போது சிறகை மூடிக்கொள்ளும். முன்சிறகின் அடிப்புறத்தில், உடலை ஒட்டிய பகுதியில் உள்ள புள்ளிகளை எண்ண வேண்டும். இரண்டு என்றால் ஹெகாபே என்ற இனம், மூன்று என்றால் பிளாண்டா, ஒன்று என்றால் ஆண்டர்சோனி. மேலிருந்து எடுத்த படம் இதற்கு உதவாது, பக்கவாட்டில்தான் எடுக்க வேண்டும். கருப்புச் சிறகில் வெள்ளையும் சிவப்பும் கண்டால் உடலைப் பார்க்க வேண்டும். உடல் சிவப்பு என்றால் ரோஜா அழகி. கருப்பு என்றால் அதைப் போல வேடமிட்ட பெண் கறிவேப்பிலை அழகி. ரோஜா அழகி நஞ்சுள்ளது, பறவைகள் தொடாது. அதனால்தான் மற்றது அதன் உடுப்பை உடுத்திக்கொண்டிருக்கிறது.

படங்களை, உயிரினப் பதிவுகளைப் பொதுமக்கள் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது தேதி, இடம், படம் மூன்றும் இருக்க வேண்டும். அடையாளம் சொல்கிறவர்களில் குறைந்தது இரண்டு பேர், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அது ஆய்வுத் தரப் பதிவாகும். மரக்கூரைக்கு அடியில் கைப்பேசியின் இடக்குறி சில நேரம் சாலைக்கு அப்பால் போய் விழும். வீட்டுக்குப் போனதும் வரைபடத்தில் பார்த்து நகர்த்தி, இடக்குறி எவ்வளவு துல்லியம் என்று காட்டும் வட்டத்தையும் சரியாகக் குறிக்க வேண்டும். பக்கத்து நிலத்தில் விழுந்த புள்ளி ஒன்றே மொத்தப் பட்டியலையும் சந்தேகத்துக்கு இடமாக்கிவிடும்.

மூன்றாம் நாள், வெள்ளி. காகிதம்

இன்று காட்டுக்குப் போகவில்லை. ஆனால் இந்த ஐந்து நாளில் மிக முக்கியமான நாள் இதுதான் என்று நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை அரசு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் 12.15 முதல் 2.45 வரை இடைவேளை.

ரிம்பா கியாராவின் கதையைத் தேதி வரிசையில் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கரில் கட்டுமானம் வருவதாக இருந்தது. உயர்ந்த சொகுசு அடுக்குமாடிகள் எட்டுத் தொகுதி, கூடவே நீண்டவீட்டுக் குடும்பங்களுக்கும் சேர்த்து 350 மலிவு வீடுகள் கொண்ட ஒரு தொகுதி. மேம்பாட்டு அனுமதி 2017 ஜூலையில் கிடைத்தது. அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளின் நிர்வாகக் கழகங்களும் குடியிருப்பாளர்களும் அடுத்த மாதமே நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரி 27 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது.

வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் இந்தத் தீர்ப்பிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. பூங்காவைக் காப்பாற்றியது அங்கிருந்த உயிரினப் பட்டியல் இல்லை. நகர வளர்ச்சியை வகுக்கும் நகரக் கட்டமைப்புத் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம், அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும், பாதிக்கப்படும் அண்டை நிலத்தாரைக் கேட்க வேண்டும் என்ற அடிப்படைகளே காப்பாற்றின. ராஜா புரூக் போன்ற, பேர்ட்விங் எனப்படும் பெரிய வண்ணத்துப்பூச்சி இனங்கள் சிலவற்றுக்குத்தான் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் துணை உண்டு. உங்கள் வேலியில் பறக்கும் எலுமிச்சை அழகிக்காக எந்தச் சட்டமும் ஒரு கட்டுமானத்தை நிறுத்தாது. அப்படியானால் கணக்கெடுப்பு வீணா? வீணில்லை. நிலம் வெறும் புதர் என்று சொல்லப்படும்போது, இரண்டு ஆண்டுப் பதிவு அதற்குப் பதில் சொல்லும். ஆனால் அந்தப் பதிவு தனியாக வழக்கைத் தாங்காது. திட்ட வரைபடத்தோடு சேர்ந்துதான் நிற்கும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பச்சை நிலம் திட்டத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. கோலாலம்பூருக்கு உள்ளூர்த் திட்டம் 2040 நடப்பில் உள்ளது, 2025 ஜூன் 11 முதல். வரைபடத்தில் நிலத்தின் எண்ணைத் தேடி, அது பொதுத் திறந்தவெளியா, குடியிருப்பா, கலப்பு மேம்பாடா என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் அடர்த்தி எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள். இரண்டாவது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் உரிமைத் தேடல். அரசு நிலமாக இருந்தால், தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்கீழ் பொதுப் பயனுக்கு ஒதுக்கி அரசிதழில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர்ப்பலகையில் பூங்கா என்று எழுதியிருப்பது சான்றாகாது. ரிம்பா கியாராவிலும் எல்லோரும் பூங்கா என்றே நம்பியிருந்தார்கள். மூன்றாவது, நாள் கணக்கு. அரசு முடிவை எதிர்த்து நீதிமன்றச் சீராய்வு கேட்க, முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான். கட்டுமானத் தகவல் பலகையைப் பார்த்த அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வைப்பது இதற்காகத்தான். கூட்டம் போட்டு, மனுவில் கையெழுத்து வாங்கி, மந்திரியைப் பார்த்து வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும்.

நேற்றுப் பார்த்த நீண்டவீடுகளையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் குடும்பங்களின் வீட்டு வாக்குறுதியை அந்தச் சொகுசு அடுக்குமாடிகளோடு கட்டிவைத்ததால், பச்சை நிலம் கேட்கிறவர்களும் கூரை கேட்கிறவர்களும் எதிரெதிரே நிற்க வைக்கப்பட்டார்கள். அது நியாயமில்லை. நாற்பது ஆண்டு காத்திருந்தவர்களுக்கு வீடு அதே மண்ணில் கிடைக்க வேண்டும், பூங்காவும் மிஞ்ச வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கேட்பதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

நான்காம் நாள், சனி. காசிங் மலை

காசிங் மலைக்குப் பெட்டாலிங் ஜெயா பக்கம் ஜாலான் தஞ்சோங்கிலிருந்து ஏறுவது வழக்கம். காலணி வழுக்காததாக இருக்கட்டும், மழைக்கு மறுநாள் சிவப்பு மண் ஆளை விழவைக்கும். மேட்டில் நடக்கும்போது ஓர் எல்லையைக் கடக்கிறோம். ஒரு சரிவு சிலாங்கூர், மறு சரிவு கூட்டரசுப் பிரதேசம். பூச்சிக்கு அந்தக் கோடு கிடையாது. மனு எழுதுகிறவருக்கு உண்டு. கோலாலம்பூர்ச் சரிவுக்கு 1982ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டம் 267. சிலாங்கூர்ச் சரிவுக்கு 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் 172. அதில் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் அண்டை நிலச் சொந்தக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், அது கிடைத்த 21 நாளுக்குள் அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எந்தச் சரிவில் மரம் விழுகிறது என்று தெரியாமல் மனு எழுதினால் தவறான மேசைக்குப் போய்ச் சேரும், 21 நாளும் கழிந்துவிடும்.

மலையில் சிவன் கோயில் இருக்கிறது. நம் கோயில்களைப் பற்றி வண்ணத்துப்பூச்சிக் குழுக்கள் இன்னும் போதிய அளவு யோசிக்கவில்லை. வில்வம் எலுமிச்சை அழகிக்கு உணவு. எருக்கு வெந்தய வரியனுக்கு. சரக்கொன்றை கொன்னை வெள்ளையனுக்கு. சண்பகமும் நெட்டிலிங்கமும் பச்சைப் புள்ளிச் சிறகுள்ள டெய்ல்டு ஜேவுக்கு. பூசைக்கென்று நட்டுவைத்த மரங்களே நான்கைந்து இனங்களின் பிள்ளைப்பேற்று வீடு. கோயில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: வில்வத்துக்கும் எருக்குக்கும் மருந்தடிக்க வேண்டாம், கும்பாபிஷேகத்துக்காக மதிலோரம் முழுவதும் சிமெண்டு பூச வேண்டாம்.

நடவு பற்றி நிறையக் கேள்விகள் வருவதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

எருக்கு: பென்சில் பருமனுக்கு மேலான முற்றிய தண்டு, ஒரு சாண் நீளம். வெட்டியதும் பால் வடியும். நிழலில் ஒரு நாள் காயவைத்து, வெட்டுவாய் உலர்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்ற வேண்டும். ஈரத்தோடு ஊன்றினால் அழுகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரிடம் போக வேண்டும்.

ஈஸ்வரமூலி இனக் கொடிகள்: ரோஜா அழகிக்கும் பேர்ட்விங்குக்கும் இவைதாம். நடவுக்கு ஏற்றது அரிஸ்டலோக்கியா அக்குமினாட்டா. ஒரு முழக் குழி, மட்கிய இலை பாதி, ஏறுவதற்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் அல்லது மரம். ஒரே கொடி வைத்தால் பேர்ட்விங் புழுக்கள் நாலைந்து சேர்ந்து மொட்டையடித்துவிட்டுக் கூடு கட்டுமுன் பட்டினி கிடக்கும். அருகருகே மூன்று கொடியாவது வேண்டும். நாற்றங்காலில் அழகான பெரிய பூவுக்காக விற்கும் எலிகன்ஸ் என்ற ஈஸ்வரமூலி வகைக் கொடியை வாங்கவே வேண்டாம். அதன் வாசனை தாய்ப்பூச்சியை ஏமாற்றும், முட்டையிடும், இலையைத் தின்ற புழு செத்துப்போகும். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் குறைந்ததற்கு இந்தக் கொடியும் ஒரு காரணம். அங்கே அதைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள்.

கடையில் வாங்கிய கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளில் ஊடுருவும் பூச்சிமருந்து இருக்கலாம். அது இலைக்குள் இருப்பதால் கழுவினால் போகாது. வாங்கி நட்ட முதல் மாதத்தில் புழுக்கள் கருத்துச் சுருங்கிச் செத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய இலையைக் கிள்ளிவிட்டு, புதுத்தளிர் இரண்டு மூன்று சுற்று வரும்வரை வலை போட்டு மூடிவையுங்கள். விதையிலிருந்தோ வேர்க்கன்றிலிருந்தோ வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு. புக்கிட் பெர்செகுத்துவான்

பங்சார் பக்கம், பழைய அரசுக் குடியிருப்பு வீடுகள் இருந்த குன்று. 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தின் அலுவலகம் இங்கேதான். விழுந்த வீடுகளின் தோட்டங்கள் காடாகிக்கொண்டிருக்கின்றன. காலை எட்டு மணிக்கே தூறல் தொடங்கிவிட்டதால் கணக்கெடுப்பு இல்லை. ஈரச் சிறகோடு பூச்சி பறக்காது. அந்த நாளின் சுழியத்தைப் பதிவில் சேர்த்தால் சராசரி கெடும். மழை என்று மட்டும் எழுதி நாளை விட்டுவிட வேண்டும்.

தூறல் விட்டதும் பார்த்தது புல்லுருவி. ஒரு மாமரக் கிளையில் வேறு இலை, வேறு பூவோடு தொங்குகிற கொத்து. தோட்டக்காரர்கள் மரத்துக்குக் கேடு என்று வெட்டியெறிவார்கள். அதன் இலையின் அடியில் மஞ்சள் நிறப் புழுக்கள் வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி, ஒரே திசையில் தலைவைத்துத் தின்றுகொண்டிருந்தன. மஞ்சளும் சிவப்புமாக ஜன்னல் வழியே நகரத்தில் எல்லோரும் பார்க்கிற ஜெசபெல் பூச்சியின் பிள்ளைகள் அவை. வெட்டத்தான் வேண்டும் என்றால் ஒரு மரத்தில் பாதியை இப்போதும் மீதியை இரண்டு மாதம் கழித்தும் வெட்டச் சொல்லலாம். வெட்டிய கொத்தை உடனே லாரியில் ஏற்றாமல் இன்னொரு புல்லுருவியின் மேல் சாய்த்துவைத்தால் புழுக்கள் ஏறிக்கொள்ளும்.

புல்வெட்டும் ஒப்பந்தமும் இப்படித்தான். கட்டுமானம் வராத பூங்காக்களிலும் பூச்சி குறைவதற்கு நாங்கள் கண்ட பெரிய காரணம் மாதம் இருமுறை தரையோடு மழிக்கும் இயந்திரம். வேலியோரம் ஒரு மீட்டர் அகலம் விட்டுவைத்து, ஒரு பக்கத்தை இந்த மாதமும் மறுபக்கத்தை அடுத்த மாதமும் வெட்டினால், அசிஸ்டாசியா போன்ற களைகளில் வாழும் வசீகரன் இனங்கள் மீண்டு வரும். விட்டுவைத்த பட்டைக்கு நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வாய்வார்த்தை அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராது.

டிங்கி புகையடிப்பு பற்றி நேற்று ஒருவர் கேட்டிருந்தார். நோய் பதிவான வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குப் புகையடிப்பார்கள். அது உயிர் காக்கும் வேலை, தடுக்கக் கூடாது. புகை கொசுவையும் பூச்சியையும் பிரித்துப் பார்க்காது என்பதும் உண்மை. ஆகவே நோய் வராமல் பார்த்துக்கொள்வதே வழி. நாற்றுத் தொட்டிகளின் தட்டு, மூங்கில் துளை, பந்தலுக்குப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, இவற்றில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத தொட்டிக்கு அபேட் மணல் என்ற கொசுப்புழுக் கொல்லி, 10 லிட்டருக்கு 1 கிராம். புகைவண்டி வரும் நாள் தெரிந்தால், புழு உள்ள தொட்டிச் செடிகளை ஈரத்துணி போர்த்தி வீட்டுக்குள் ஓரிரவு வைத்துவிடலாம்.

பதினொரு மணிக்கு வெயில் வந்தது. மாமரத்தடியில் ஈர மண்ணில் கொன்னை வெள்ளையன்கள் ஆறு இறங்கி உப்புநீர் உறிஞ்சின. கணக்கெடுப்பு நாள் இல்லாததால் அவை எங்கள் தாளில் ஏறவில்லை. அடுத்த நடை இரண்டு வாரம் கழித்து, ரிம்பா கியாராவில், காலை ஒன்பதரைக்கு. பென்சிலும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். மழையில் பேனா மை கரையும்.